விமானியறை இரைச்சலுக்கு ஏற்ற ஹெட்செட்டைத் தெரிவு செய்தல்

மட்டக்களப்பு வாவியை ஒட்டிய ஓடுபாதையில் செஸ்னா கரவான் விமானம் ஒன்று இறங்குவதைக் கரையில் நின்று கேட்பவருக்கு அது சில விநாடிகளில் அடங்கிவிடும் ஓர் இரைச்சல் மாத்திரமே. அந்த விமானத்தை ஓட்டி வந்தவரோ, புறப்பட்ட நேரம் முதல் இயந்திரத்தை நிறுத்தும் வரை மூன்று இதழ்க் காற்றாடி ஒன்றுக்குச் சற்றுப் பின்னால் அமர்ந்திருந்தவர். அக்காற்றாடி நிமிடத்துக்கு 1,900 தடவை வரை சுழலும். 1,900 ஐ இதழ்களின் எண்ணிக்கையான மூன்றால் பெருக்கி அறுபதால் வகுத்தால் 95 வருகிறது. அதாவது, விமானியின் காதை இடைவிடாமல் அடிக்கும் அடிப்படை ஒலியின் மீடிறன் (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண்) 95 ஹெர்ட்ஸ். ஹெட்செட் வாங்கப் போகிறவர் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான் என்பது என் கருத்து. விலைப்பட்டியலைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

நான் வளைகுடா நாடொன்றில் பல ஆண்டுகள் விமான வானொலிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலை செய்துவிட்டு இப்போது கல்லடியில் வசிக்கிறேன். களுவாஞ்சிகுடியிலுள்ள என் அக்காவின் மகன் இரத்மலானையில் பயிற்சி முடித்துத் துணை விமானியாகச் சேரவிருந்தபோது, "மாமா, எந்த ஹெட்செட் வாங்கினா நல்லம்?" என்று தொலைபேசியில் கேட்டான். "நீ எந்த விமானத்தில இருக்கப் போறாய் மனே?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவன் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நல்லது எதுவோ அது எல்லா விமானத்துக்கும் நல்லதுதானே என்று வாதாடினான். அன்று அவனுக்குச் சொல்லத் தொடங்கியவற்றையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

எந்த இரைச்சலுக்குள் இருக்கப் போகிறீர்கள்?

விமானியறை இரைச்சல் என்று ஒரே சொல்லால் குறித்தாலும் அது விமானத்துக்கு விமானம் வேறுபடும். இரத்மலானையில் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 152, 172 போன்ற சிறு விமானங்களில் இரண்டு இதழ்க் காற்றாடியும் நான்கு உருளை இயந்திரமும் உள்ளன. நிமிடத்துக்கு 2,400 சுற்றில் காற்றாடியின் ஒலி 80 ஹெர்ட்ஸில் விழுகிறது. நான்கு உருளைகளின் வெடிப்புகளும் அதே 80 ஹெர்ட்ஸில்தான் விழுகின்றன. இரண்டும் ஓரிடத்தில் சேர்வதால், பறந்து முடித்து இறங்கிய பின்னும் தலைக்குள் ஒரு முழக்கம் தங்கியிருப்பதைப் பயிற்சி மாணவர்கள் நன்கு அறிவார்கள். ஏ.டி.ஆர். 72 விமானத்தில் ஆறு இதழ்க் காற்றாடி முழு வேகத்தில் நிமிடத்துக்கு 1,200 தடவை சுழலும்போது 120 ஹெர்ட்ஸும், பறப்பு நிலையில் அவ்வேகம் 82 வீதமாகக் குறைக்கப்படும்போது ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸும் கிடைக்கின்றன. இவையெல்லாம் தாழ்ந்த மீடிறன்கள். தடித்த பஞ்சும் பிளாஸ்டிக்கும் இவற்றை எளிதில் தடுப்பதில்லை.

ஜெட் விமானத்தின் நிலை வேறு. எயார்பஸ் ஏ320 விமானத்தில் இயந்திரங்கள் விமானியறைக்கு வெகுதூரம் பின்னால் இருப்பதால், விமானி கேட்பது பெரும்பாலும் மூக்குப் பகுதியிலும் முன்கண்ணாடியிலும் காற்று உராயும் சத்தமும், குளிரூட்டிக் காற்றின் சீறலும், கருவிகளைக் குளிர்விக்கும் விசிறிகளின் ஓசையுமே. இச்சத்தம் ஒரே மீடிறனில் குவியாமல் சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை பரந்து கிடக்கிறது. மொத்த அளவும் சிறு காற்றாடி விமானங்களைவிடக் குறைவு. ஆகவே கரவான் விமானிக்கு இன்றியமையாத கனமான ஹெட்செட் ஏ320 விமானிக்குத் தேவையற்ற சுமையாகலாம். ஏ320 விமானி விரும்பி அணியும் இலகுவான ஹெட்செட் கரவானுக்குள் போதாமற் போகலாம். ஹெலிகொப்டர்களுக்கு இதைவிட வலுவான, காதை முழுதாக மூடும் வகையே தேவை. அது தனிக் கதை.

டெசிபெல் எண்ணை வாசிக்கும் முறை

டெசிபெல் என்பது மடக்கை அளவுகோல். மூன்று டெசிபெல் கூடினால் ஒலிச் சக்தி இரட்டிப்பாகிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் பரிந்துரைக்கும் எல்லை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல் ஆகும். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபெலுக்கும் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகிறது. 88 டெசிபெலில் 4 மணி நேரம், 91 இல் 2 மணி நேரம், 94 இல் ஒரே மணி நேரம். அம்பாறைப் பக்கத்து நெல் ஆலைகளில் முப்பது ஆண்டுகள் வேலை செய்த பெரியவர்கள் ஏன் உரத்துப் பேசுகிறார்கள் என்பதை இக்கணக்கு விளக்கும். விமானிகளும் அதே பாதையில்தான் நடக்கிறார்கள், சீருடை மாத்திரமே வேறு.

விமானிகள் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. காதைக் கெடுப்பது இயந்திர இரைச்சல் மாத்திரமன்று. அந்த இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்பதற்காக அவர்களே கூட்டி வைக்கும் வானொலியின் சத்தமும்தான். காதை மூடும் ஹெட்செட் கப்புக்குள் 85 டெசிபெல் இரைச்சல் இருந்தால், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பேச்சு தெளிவாகக் கேட்பதற்கு அதைவிடப் பத்துப் பதினைந்து டெசிபெல் உயர்த்தி வைக்க நேரிடும். அப்போது காதுக்குள் விழுவது 95 அல்லது 100. மேலும், தாழ்ந்த மீடிறனிலுள்ள உரத்த ஒலி தனக்கு மேலுள்ள மீடிறன்களையும் மறைக்கும் இயல்புடையது. பேச்சில் சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் மெய்யெழுத்து ஓசைகள் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையில் இருக்க, 95 ஹெர்ட்ஸ் முழக்கம் அவற்றின் மீதும் ஒரு போர்வையைப் போடுகிறது. நல்ல ஹெட்செட் அந்தப் போர்வையை விலக்கும்போது வானொலியைக் குறைத்து வைக்க முடிகிறது; உண்மையான பாதுகாப்பு அப்போதுதான் கிடைக்கிறது. புதிய ஹெட்செட்டை அணிந்த பிறகும் வானொலிக் குமிழைப் பழைய இடத்திலேயே வைத்திருப்பவர் பணத்தைச் செலவழித்தும் பாதிப் பயனையே பெறுகிறார்.

இது தொழிலுக்கும் நேரடியாக உரிய விடயம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் முதலாம் இணைப்பு, தொழில்முறை விமானிகளுக்கான முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழுக்கு 500, 1,000, 2,000 ஹெர்ட்ஸ் மீடிறன்களில் கேட்டல் இழப்பு 35 டெசிபெலையும், 3,000 ஹெர்ட்ஸில் 50 டெசிபெலையும் தாண்டக் கூடாது என்கிறது. இரைச்சலால் வரும் செவிப்புலன் குறைபாடு வழக்கமாக 4,000 ஹெர்ட்ஸை அண்டித் தொடங்கிப் பிறகே கீழிறங்குவதால், பரிசோதனையில் அகப்படும் முன் பல ஆண்டுகள் கடந்துவிடும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் இரைச்சல் குறைப்பு எண்ணையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அது ஆய்வுகூடத்தில், பயிற்சி பெற்றவர் சரியாக அணிவித்து அளந்த எண். மேலே சொன்ன அமெரிக்க நிறுவகமே, காதை மூடும் வகைக்கு அந்த எண்ணில் கால்பங்கைக் கழிக்கச் சொல்கிறது. சத்தத்தை வழமையான டெசிபெல்-ஏ அளவில் (காதின் உணர்திறனுக்கேற்பத் திருத்திய அளவு) அளந்திருந்தால் மேலும் 7 ஐக் கழிக்க வேண்டும். பெட்டியில் 24 என்றிருந்தால் கால்பங்கு போக 18, அதிலிருந்து 7 போக 11. அதாவது 95 டெசிபெல் அறைக்குள் உங்கள் காதுக்கு வருவது 84. கவனிக்க வேண்டிய இன்னொன்று, அந்த எண் பஞ்சும் கப்பும் தரும் பாதுகாப்பை மாத்திரமே சொல்கிறது. இலத்திரனியல் முறையில் குறைக்கப்படும் அளவு அதில் சேராது. அதனை ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த மீடிறனில் அளந்து விளம்பரப்படுத்துவதால், இரு நிறுவனங்களின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை.

மூடுதலும் எதிர் அலையும்

எல்லா ஹெட்செட்டிலும் முதலில் இருப்பது மூடுதல். கப்பும் மெத்தையும் காதைச் சுற்றி இடைவெளியில்லாமல் அமர்ந்தால் உயர்ந்த மீடிறன் ஒலிகள் நன்றாகத் தடைபடும். இரண்டாவது, பெட்டிகளில் ஏ.என்.ஆர். என்று குறிக்கப்படும் இலத்திரனியல் இரைச்சல் நீக்கம். கப்புக்குள் இருக்கும் சிறு ஒலிவாங்கி உள்ளே வந்த இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை ஒலிபெருக்கி வழியே எழுப்பி, இரண்டையும் ஒன்றையொன்று அழிக்கச் செய்கிறது. இவ்வெண்ணம் புதிதன்று, ஜேர்மனியரான போல் லூயெக் என்பவருக்கு 1936 இல் அமெரிக்காவில் இதற்கான காப்புரிமை கிடைத்தது. ஆனால் அன்றைய மின்சுற்றுகளுக்கு அது எட்டாத கனியாகவே இருந்தது. 1978 இல் சூரிச்சிலிருந்து பொஸ்டனுக்குப் பறந்தபோது விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இசை சரியாகக் கேட்கவில்லை என்பதால், போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தின் நிறுவுநரான அமர் போஸ் அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார் என்பது இத்துறையில் பலரும் அறிந்த செய்தி. 1986 டிசம்பரில் எங்கும் தரிக்காமல், எரிபொருளும் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வொயேஜர் விமானத்தின் இரு விமானிகளும் அவரது முன்மாதிரி ஹெட்செட்டுகளை அணிந்திருந்தார்கள்; 1989 இல் அது விற்பனைக்கு வந்தது.

இலத்திரனியல் நீக்கம் தாழ்ந்த மீடிறன்களில் மாத்திரம் நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் அலைநீளம். 95 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.6 மீற்றர், அத்தனை நீண்ட அலை கப்புக்குள் எங்கும் ஒரே நிலையில் இருப்பதால் எதிர் அலையை அதனோடு பொருத்துவது எளிது. 2,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 17 சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடுகிறது. மின்சுற்றில் மிகச் சிறு தாமதம் ஏற்பட்டாலும் எதிர் அலை தவறான நேரத்தில் வந்து சேர்ந்து இரைச்சலைக் கூட்டவே செய்யும். ஆகையால் இதனை ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழான வேலை என்றும், அதற்கு மேலுள்ளதை மெத்தையின் வேலை என்றும் பிரித்துக்கொள்ளலாம். காற்றாடி விமானத்தில் பறப்பவருக்கு இலத்திரனியல் நீக்கத்தில் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் தகும் என்று நான் சொல்வதற்கும், ஜெட் விமானத்தில் பறப்பவரைச் சற்று நின்று யோசிக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

முழு அமைதியை எந்த ஹெட்செட்டும் தராது. கல்லடிப் பாலத்தடியில் தோணியிலிருந்து துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்துப் பாடும் மீனுக்காகக் காத்திருந்தவர்களுக்கு, ஒலி காற்று வழியாக மாத்திரம் வருவதில்லை என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுபோல விமானியின் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் ஒலி உட்செவிக்குள் போகும். அது ஒருவகையில் நல்லதும்கூட. இயந்திரத்தின் ஓசை மாறுவதையும், எச்சரிக்கை ஒலிகளையும், பக்கத்திலிருப்பவர் குரலையும் விமானி கேட்டாக வேண்டும்.

வட்டையில் ஒரு பரிசோதனை

ஹெட்செட்டை வாங்கிய கையோடு, திருப்பிக் கொடுக்கும் கால எல்லை முடியுமுன், நிலத்தில் ஒரு பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். கிழக்கில் அதற்கு நல்ல வசதி இருக்கிறது. மருமகனை நான் அக்கரைப்பற்றுப் பக்கத்தில் நண்பர் ஒருவரின் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, அழைத்துச் சென்று, ஓடிக்கொண்டிருந்த லான்ட்மாஸ்டர் எனும் இரு சக்கர உழவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன். ஒற்றை உருளை டீசல் இயந்திரத்தின் அடித்தொண்டைச் சத்தத்துக்கு ஈடான பரிசோதனைக் கருவியை எந்தக் கடையிலும் வாடகைக்கு எடுக்க முடியாது. போடியார் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் இலத்திரனியல் நீக்கத்தை அணைத்து வைத்து, ஹெட்செட்டை மாத்திரம் அணிந்து கேளுங்கள். பிறகு இரு கைகளாலும் கப்புகளை மெதுவாகக் காதோடு அழுத்துங்கள். அழுத்தும்போது சத்தம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தால், அழுத்தாமல் இருக்கும்போது எங்கோ இடைவெளி இருக்கிறது என்று பொருள்; மெத்தையின் அளவோ தலைப்பட்டையின் நிலையோ உங்களுக்குப் பொருந்தவில்லை. அடுத்து மின்சாரத்தைப் போட்டு, முழக்கம் விலகுவதைக் கவனித்தபடி தலையை இருபுறமும் திருப்புங்கள், வாயை அகலத் திறந்து மூடுங்கள், எதையாவது மெல்லுங்கள். தாடை அசையும் ஒவ்வொரு முறையும் காதுக்குள் டப் டப் என்று வெடிப்பொலி வந்தால், மூடுதல் குலையும்போது மின்சுற்று தடுமாறுகிறது. காற்றுக் கொந்தளிப்பில் விமானம் ஆடும்போதும் அதுவே நடக்கும்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் இப்பரிசோதனையைக் கண்ணாடியோடுதான் செய்ய வேண்டும். தடித்த பிளாஸ்டிக் காம்பு மெத்தைக்கும் தலைக்கும் இடையில் ஒரு வாய்க்காலையே வெட்டிவிடும். அதன் வழியாக முதலில் நுழைவது தாழ்ந்த மீடிறன் இரைச்சல்தான். மெல்லிய கம்பிக் காம்புள்ள கண்ணாடிக்கு மாறுவது, விலை கூடிய ஹெட்செட்டுக்கு மாறுவதைவிடச் சில சமயம் கூடுதல் பலன் தரும். வெயிற்கண்ணாடிக்கும் இதே விதிதான். தலைமுடியைக் கொண்டையாக முடிந்திருப்பவர்களும், தலையைத் துணியால் மூடுபவர்களும், தாங்கள் பறக்கும் நாளில் இருக்கும் கோலத்திலேயே அணிந்து பார்க்க வேண்டும். மெத்தைக்கும் காதுக்கும் இடையில் துணி வந்தால் மூடுதல் பாதியாகும். துணியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக் கட்ட முடியாவிடின், காதுக்குள் செருகும் வகையைப் பரிசீலிக்கலாம்.

அடுத்தது நேரம். கடையில் இரண்டு நிமிடம் இதமாக இருந்த தலைப்பட்டை, இரண்டாவது மணி நேரத்தில் உச்சந்தலையில் ஊசி குத்துவது போல் வலிக்கலாம். வீட்டில் ஒரு கிரிக்கெட் ஆட்டம் முழுவதையும் ஹெட்செட்டோடு உட்கார்ந்து பார்த்து முடியுங்கள். டேவிட் கிளார்க் நிறுவனத்தின் எச்10-13.4 போன்ற, இலத்திரனியல் நீக்கம் இல்லாத பழைய உறுதியான வகை ஏறத்தாழ அரைக் கிலோ எடையுடையது. போஸ் ஏ20 வகையின் எடை 340 கிராம், ஏ30 வகையின் எடை ஏறத்தாழ 400 கிராம். ஏ30 எடையில் கூடியதாயினும் காதை இறுக்கும் விசை குறைவு என்பதால் பலருக்கு அது இலகுவாகத் தோன்றுகிறது. ஆக, எடையைத் தராசு சொல்லும், சுமையைத் தலைதான் சொல்லும்.

பிளக்கில் தவறவிட்டவர்கள்

இவ்விடயத்தில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில், நண்பர் ஒருவருக்காக இணைய விற்பனையாளர் ஒருவரிடம் நல்ல ஹெட்செட் ஒன்றை வாங்கி அனுப்பினேன். அவர் பறந்ததோ எயார்பஸ்; வந்ததோ சிறு விமானங்களுக்குரிய இரட்டைப் பிளக். விற்பனையாளர் பொதியைத் திறந்தாயிற்று என்று காரணம் சொல்லித் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். பிழை என்னுடையது, நான் கேட்டிருக்க வேண்டும்.

சிறு விமானங்களிலும் போயிங் விமானங்களிலும் பொதுவாக இரண்டு பிளக்குகள் இருக்கும். தடித்தது கேட்பதற்கு, சற்று மெல்லியது ஒலிவாங்கிக்கு. எயார்பஸ் விமானங்களில் ஐந்து ஊசிகளுள்ள எக்ஸ்.எல்.ஆர். பிளக் ஒன்றே. ஹெலிகொப்டர்களில் யூ-174 எனப்படும் ஒற்றைப் பிளக். இவை தவிர, லெமோ எனப்படும் ஆறு ஊசிப் பிளக் விமானத்திலிருந்தே இலத்திரனியல் நீக்கத்துக்கான மின்சாரத்தையும் தரும். உங்கள் விமானத்தில் அந்த வசதி இருந்தால் பற்றரிக் கவலை போய்விடும். ஸ்ரீலங்கன் விமான சேவையின் விமானங்கள் எயார்பஸ் என்பதால், இரத்மலானையில் செஸ்னாவில் பயின்று பின்னர் அங்கே சேரும் ஒருவர் இரட்டைப் பிளக்கிலிருந்து எக்ஸ்.எல்.ஆர். பிளக்குக்கு மாற வேண்டியிருக்கும். பயிற்சிக் காலத்திலேயே விலை கூடிய ஹெட்செட் வாங்க நினைக்கும் மாணவர், வயரை மாத்திரம் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய வகையையே வாங்க வேண்டும். மாற்றிப் பிளக்குகளும் கிடைக்கின்றன. எனினும் ஒவ்வொரு கூடுதல் இணைப்பும் உப்புக் காற்றில் துருப்பிடிக்கவும் தளரவும் இன்னோர் இடம் என்பதை வானொலி திருத்துபவனாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிளக் பொருந்தினாலும் மின்தடங்கல் பொருந்தாமற் போகலாம். சிவில் விமானங்களின் ஹெட்செட்டுகள் நூற்றுக்கணக்கான ஓம் கணக்கில் அமைந்தவை. இராணுவ விமானங்களுக்குரிய சில வகைகள் மிகக் குறைந்த மின்தடங்கலும் வேறு வகை ஒலிவாங்கியும் கொண்டவை. விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் மலிவாகத் தரும் ஹெட்செட்டை ஆசையோடு வாங்கிச் செருகினால் குரல் கிசுகிசுப்பாகவே கேட்கும். நாம் பேசுவது மறுமுனைக்குப் போகவே போகாது.

நிறுவனத்தின் அனுமதியும் ஒலிவாங்கியும்

பயணிகள் விமான சேவையில் இருப்பவர் தன் விருப்பப்படி எதையும் அணிய முடியாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் டி.எஸ்.ஓ. சி139 என்ற தரநிலை, விமான ஒலிக் கருவிகள் வெப்பம், அதிர்வு, மின்காந்த இடையூறு முதலியவற்றைத் தாங்க வேண்டிய அளவுகளை வகுக்கிறது. பழைய ஹெட்செட்டுகளில் சி57, சி58 என்ற எண்களைக் காணலாம். ஹெட்செட்டின் வில்லையில் இவ்வெண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகும், உங்கள் நிறுவனத்தின் செயற்பாட்டுக் கையேடு எந்த மாதிரிகளை அனுமதிக்கிறது என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இசை கேட்பதற்கென விற்கப்படும் பிரபலமான இரைச்சல் நீக்கும் ஹெட்போனில் தனியாக ஒலிவாங்கிக் காம்பு ஒன்றைப் பொருத்திப் பயன்படுத்தும் வழக்கம் சிறு விமானக்காரர் சிலரிடம் உண்டு. அவற்றின் இரைச்சல் நீக்கம் நன்றாக இருக்கலாம். ஆனால் பற்றரி தீர்ந்தால் சிலவற்றில் ஒலியே நின்றுவிடும். இதற்காகவே விமானத்துக்கென உருவாக்கப்பட்ட ஹெட்செட்டையும் பரிசோதித்துப் பாருங்கள். மின்சாரத்தை அணைத்தாலும் வானொலிப் பேச்சு தொடர்ந்து கேட்க வேண்டும், ஒலிவாங்கியும் வேலை செய்ய வேண்டும். அப்படி இல்லையென்றால் அது எவ்வளவு அழகான ஹெட்செட் ஆனாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மேலே சொன்ன சர்வதேச அமைப்பின் விதிகளில் ஆறாம் இணைப்பு, நிலைமாற்ற உயரத்துக்கு (உயரமானியைப் பொது அழுத்த அளவுக்கு மாற்றும் உயரம்) கீழே விமானியறைப் பணியாளர் காம்பு ஒலிவாங்கி அல்லது தொண்டை ஒலிவாங்கி வழியாகவே தொடர்பாட வேண்டும் என்கிறது. ஆதலால் ஒலிவாங்கி இரண்டாந்தரப் பொருளன்று. இரைச்சல் நீக்கும் ஒலிவாங்கிக்கு முன்னும் பின்னும் துளைகள் உண்டு. தூரத்து இரைச்சல் இரு துளைகளிலும் ஒரே அளவில் விழுந்து அழிந்துபோக, வாய்க்கு மிக அருகிலுள்ள குரல் முன்துளையில் மாத்திரம் வலுவாக விழுகிறது. இம்முறை பலிக்க வேண்டுமானால் ஒலிவாங்கி உதட்டை ஏறத்தாழத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு விரற்கடைக்கு மேல் விலகினால் குரலும் இரைச்சலோடு சேர்ந்து அழியத் தொடங்கும். எனவே காம்பு வளைத்த இடத்தில் நிற்கிறதா, ஆட்டத்தில் கீழே தொங்கிவிடுகிறதா என்பதைக் கடையில் வைத்தே பாருங்கள். ஜெட் விமானிகள் ஒட்சிசன் முகமூடியை எடுத்து ஹெட்செட்டுக்கு மேலாக விரைந்து மாட்டி, அது முகத்தில் இறுகப் பொருந்துகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜெட் விமானிக்குக் காதுக்குள் செருகும் வகைகளும் பொருத்தமாகலாம். போஸ் புரோஃபிளைட் ஏறத்தாழ 130 கிராம்தான்; வெளிச் சத்தத்தைத் தேவையானபோது உள்ளே விடும் வசதியும் அதில் உண்டு. கரவானுக்குள் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தடிமன் பிடித்திருக்கும் நாட்களில் காதை இறுக அடைக்கும் முனைகள் இறங்கும்போது அழுத்த வலியைக் கூட்டக்கூடும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். காதின் மேல் மாத்திரம் அமரும் டேவிட் கிளார்க் புரோ-எக்ஸ்2 போன்றவை இடைப்பட்டவை. புளூடூத் வசதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதற்காகக் கூடுதல் பணம் தருவதை நான் வீண் என்றே கருதுகிறேன். லைட்ஸ்பீட் நிறுவனத்தின் டெல்டா சூலு ஹெட்செட்டில் காபன்மொனொக்சைட்டை உணரும் கருவி சேர்க்கப்பட்டிருப்பது, இயந்திரப் புகை உள்ளே நுழையும் ஆபத்துள்ள சிறு விமானங்களில் பறப்பவருக்கு உண்மையிலேயே பயன்படும்.

விலை, வெயில், உப்புக் காற்று

முன்னணி ஹெட்செட்டுகளின் விலை ஆயிரம் அமெரிக்க டொலரை அண்டியோ தாண்டியோ இருக்கும். இலத்திரனியல் நீக்கம் இல்லாத நல்லதொன்று அதில் பாதிக்கும் கீழ். இலங்கைக்கு வரவழைப்பதாயின் அனுப்பு கூலியையும் சுங்க வரியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பழுதானால் வெளிநாட்டுக்கு அனுப்ப நேரிடலாம் என்பதால், உத்தரவாதக் காலத்தை விலையின் ஒரு பகுதியாகவே எண்ணுங்கள். டேவிட் கிளார்க், போஸ் ஏ30 ஆகியவற்றுக்கு ஐந்து ஆண்டுகள், லைட்ஸ்பீட் சூலு 3 இற்கு ஏழு ஆண்டுகள். பழையதை வாங்குவதாயின் வயர் வளையும் இடங்களை விரலால் அசைத்துக் கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். மெத்தையைப் புதிதாக மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெத்தை இறுகி வெடித்திருந்தால் நீங்கள் கேட்டுப் பார்ப்பது அந்த ஹெட்செட்டின் உண்மையான தரமே அல்ல.

எங்கள் கரையோரத்தில் மெத்தைகள் நிறுவனம் சொல்லும் காலத்துக்கு முன்பே கெடுகின்றன. வியர்வையும் எண்ணெய் தேய்த்த தலையும் உப்புக் காற்றும் செயற்கைத் தோலை உரிக்கின்றன. பறந்து முடிந்ததும் சற்றே ஈரமான துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். நிறுத்தி வைத்த காருக்குள், குறிப்பாகச் சித்திரை வெயிலில், ஒருபோதும் விடாதீர்கள். பருத்தித் துணி உறை வியர்வைக்கு இதமானது. ஆனால் தடித்த உறை மூடுதலைக் கெடுக்கும் என்பதால், உறையோடும் உறையில்லாமலும் லான்ட்மாஸ்டர் பரிசோதனையை மறுபடி செய்து பாருங்கள். ஏ20, ஏ30 வகைகள் இரண்டு டபிள்-ஏ பற்றரிகளில் ஏறத்தாழ 45 மணி நேரம் ஓடும். சில நாட்கள் பறப்பு இல்லையென்றால் பற்றரிகளைக் கழற்றி வையுங்கள். கசிந்த பற்றரி பச்சை படரவிட்ட தொடுமுனைகளைச் சுரண்டிச் சுரண்டியே நான் பல மாலைகளைக் கழித்திருக்கிறேன்.

மருமகன் கடைசியில் ஏ.டி.ஆர். 72 இல் சேர்ந்தான். 98 ஹெர்ட்ஸ் கணக்கை அவனே போட்டுக் காட்டி, காதை முழுதாக மூடும், இலத்திரனியல் நீக்கமுள்ள, வயரைக் கழற்றி மாற்றக்கூடிய ஒன்றை வாங்கினான். முதல் வாரத்திலேயே வானொலிக் குமிழை வழக்கத்தைவிடக் கால் சுற்றுக் குறைத்து வைத்திருப்பதாகச் சொன்னான். மெத்தை மாற்ற வேண்டிய திகதியைப் பெட்டி மூடியின் உட்புறத்தில் பேனையால் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.